3சி 273: நிலா காட்டிக்கொடுத்த விண்மீன் மண்டலம்

அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் பழைய கண்ணாடித் தகடுகள் லட்சக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இரவு இரவாக வானத்தைப் படம் பிடித்துச் சேர்த்தவை. 1887-லிருந்து எடுத்த பல தகடுகளில், கன்னி ராசிப் பக்கம், ஒரு சின்னப் புள்ளி பதிவாகியிருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத 13-ஆம் பிரகாச அளவு (இந்த எண் கூடக்கூட மங்கல் என்று அர்த்தம்). அதைப் போன்ற புள்ளிகள் வானத்தில் லட்சக்கணக்கில் உண்டு என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுபத்தைந்து வருடங்களுக்கு அது ஒரு சாதாரண நட்சத்திரம், அவ்வளவுதான்.

அந்தப் புள்ளி நம் பால்வீதியையே சேர்ந்ததல்ல என்றும், ஒளி இங்கே வந்துசேர சுமார் 200 கோடி வருடம் எடுக்கும் தொலைவில் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் கொதிக்கும் மையம் என்றும் 1963 பிப்ரவரியில் தெரியவந்தது. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப்போகிறோம். பெரும்பாலான கட்டுரைகள் மார்ட்டன் ஷ்மிட் என்ற வானியலாளர் அதன் நிறமாலையை (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பட்டையை) புரிந்துகொண்ட அந்த ஒரு மதியத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு அது பாதிக் கதை. ரேடியோ, கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்பு ஆகிய மூன்றும் ஒரே முகவரியில் வந்து சந்தித்ததால்தான் இந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. அந்த முகவரியைக் கண்டுபிடித்ததுதான் மற்ற பாதி.

பின்கோடு மட்டும் தெரிந்த தபால்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வானத்தை ரேடியோ அலைகளில் கேட்கும் வேலை வேகமெடுத்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குழு 1959-ல் வெளியிட்ட மூன்றாவது பட்டியலில் 471 ரேடியோ மூலங்கள் இருந்தன. அந்தப் பட்டியலின் பெயர்ச் சுருக்கம்தான் ‘3சி’. அதில் 273-ஆவது வரிசையில் இருந்த மூலத்துக்கு 3சி 273 என்று பெயர். வலுவான மூலங்களில் ஒன்று.

ஆனால் அது என்ன பொருள் என்று தெரியவில்லை. காரணம் எளிது. தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அதன் அகலம், அது வாங்கும் அலையின் நீளம். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரேடியோ அலையோ மீட்டர் கணக்கு. அதனால் பிரம்மாண்டமான ரேடியோ தட்டு கூட வானத்தை மங்கலாகவே பார்க்கும். ‘மூலம் இந்தப் பக்கம் எங்கோ இருக்கிறது’ என்றுதான் அது சொல்லும். அந்தப் பக்கத்தைப் பெரிய ஒளித் தொலைநோக்கியில் படம் எடுத்தால் அதற்குள் நிறைய நட்சத்திரங்களும் மங்கலான விண்மீன் மண்டலங்களும் இருக்கும். பின்கோடு மட்டும் எழுதி, தெருவும் வீட்டு எண்ணும் எழுதாத தபால் மாதிரி.

1960-ல் 3சி 48 என்ற இன்னொரு மூலத்துக்கு ஓரளவு நல்ல முகவரி கிடைத்தது. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இரண்டு ரேடியோ தட்டுகளை இணைத்து அளந்திருந்தார்கள். அந்த இடத்தில் ஆலன் சாண்டேஜ் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் படம் எடுத்தபோது 16-ஆம் பிரகாச அளவில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. அதன் நிறமாலையில் இருந்த கோடுகள் எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. நம் பால்வீதியிலேயே இருக்கும் ஏதோ ஒரு விசித்திரமான ‘ரேடியோ நட்சத்திரம்’ என்று முடிவு கட்டினார்கள். விடை கையில் இருந்தும் இரண்டு வருடத்துக்கும் மேல் அப்படியே கிடந்தது.

1962 ஆகஸ்ட் 5, பார்க்ஸ்

3சி 273-க்கு நிலா உதவியது. அந்த மூலம் வானத்தில் நிலா போகும் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலாவின் பாதை மெல்ல மெல்ல விலகி, சுமார் 18.6 வருடத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்பும். அதில் சில காலம் மட்டும் நிலா நேராக அந்த மூலத்தின் மேல் கடந்துபோகும். 1962 அப்படிப்பட்ட ஒரு வருடம்.

சிரில் ஹசார்ட் என்ற வானியலாளர் இந்த நிலா மறைப்பை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தும் முறையை ஏற்கெனவே இங்கிலாந்தில் செய்து பார்த்திருந்தார். இதன் அழகு என்னவென்றால், தொலைநோக்கியின் மங்கல் இங்கே ஒரு பொருட்டே இல்லை. வானத்தில் கோணத்தை அளக்கும்போது ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நிலா வானத்தில் நொடிக்கு ஏறக்குறைய அரை விகலை நகர்கிறது. நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். ஆகவே ரேடியோ சத்தம் எந்த நொடியில் அணைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் போதும், அந்த நொடியில் மூலம் நிலாவின் விளிம்புக்கோட்டில் எங்கோ இருந்தது என்று அர்த்தம். மறுபக்கம் மீண்டும் வெளிவரும் நொடியையும் குறித்தால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் முகவரி. கோணத்தை அளக்க வேண்டிய வேலை நேரத்தை அளக்கும் வேலையாக மாறிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீட்டர் தட்டு 1961-ல்தான் திறக்கப்பட்டிருந்தது. அதன் பார்வை வட்டம், அவர்கள் பயன்படுத்திய 410 மெகாஹெர்ட்ஸில், முழு நிலாவைவிடப் பெரியது. அப்படிப்பட்ட மங்கலான கண்ணால் ஒரு விகலைத் துல்லியத்தை எட்டப்போகிறார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் தட்டு அடிவானத்துக்கு மேலே 30 பாகைக்குக் கீழ் சாயாது. மறைப்பு முடிந்து மூலம் வெளிவரும் நேரத்திலோ அது அந்த எல்லைக்கும் கீழே இறங்கியிருக்கும். வெளிவருவதைத் தவறவிட்டால் இரண்டாவது கோடு கிடையாது. நிலையத்தை நடத்திவந்த ஜான் போல்ட்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, பார்வையை மறைத்த மரங்களை வெட்டினார்கள். சாய்வைத் தடுக்கும் பாதுகாப்புத் தடைகளைக் கழற்றினார்கள். ஆயிரம் டன் அளவுள்ள ஓர் இயந்திரத்தை அதன் வரம்பைத் தாண்டிச் சாய்த்தார்கள். பதிவுகளின் இரண்டு பிரதிகளும் தனித்தனி விமானங்களில் சிட்னிக்குப் போயின. ஒரு விமானத்துக்கு ஏதாவது ஆனாலும் இன்னொன்று மிஞ்சட்டும் என்று. அவர்கள் அந்தத் தாள்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

பதிவுத் தாளில் என்ன இருந்தது? விளக்கை அணைத்ததுபோல் சத்தம் ஒரே அடியாக விழவில்லை. நிலாவின் விளிம்பில் அலைகள் வளைவதால், விழுவதற்கு முன் கோடு சின்னச் சின்ன அலையாக ஏறி இறங்கும். மூலம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு தெளிவாக அந்த ஏற்ற இறக்கம் தெரியும். அதை வைத்து மூலத்தின் அளவையும் கணக்கிடலாம். இதைவிட முக்கியமானது, சத்தம் ஒரு படியாக அல்ல, இரண்டு படியாக விழுந்தது. அதாவது அங்கே இரண்டு மூலங்கள் இருந்தன. 19.5 விகலை இடைவெளி. ஹசார்டும் அவருடைய குழுவில் இருந்த மேக்கி, ஷிம்மின்ஸ் இருவரும் அவற்றுக்கு ‘ஏ’, ‘பி’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆகஸ்டில் 136, 410 மெகாஹெர்ட்ஸில் கேட்டார்கள். அக்டோபர் 26-ஆம் தேதி மறைப்பில் 1420 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். ரேடியோவுக்குள்ளேயே இப்படிப் பல அலைநீளங்களில் பார்த்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். ‘ஏ’ குறைந்த அதிர்வெண்ணில் உரக்கக் கேட்டது, அதிர்வெண் ஏற ஏற அடங்கிப்போனது. ‘பி’ எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்டது. இன்று ரேடியோ வானியல் படிக்கும் மாணவர் இதைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்: ‘பி’ மையம், ‘ஏ’ மையத்திலிருந்து பீய்ச்சப்பட்டுப் போய்ச் சேர்ந்த பொருள். அன்றைக்கு அப்படிச் சொல்ல யாருக்கும் வழி இல்லை. அதற்கான ஆரம்பச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

நாலு கோடுகள், ஒரு வகுத்தல்

முகவரி பாலோமருக்குப் போனது. அந்த இடத்தின் படத்தில் இரண்டே இரண்டு பொருள்கள்: ஒரு 13-ஆம் அளவு நட்சத்திரம், அதன் பக்கத்திலிருந்து நீளும் மெல்லிய கீற்று. நட்சத்திரம் ‘பி’ இருந்த இடத்தில், கீற்றின் நுனி ‘ஏ’ இருந்த இடத்தில். ஒரு விகலைக்குள் பொருந்தியது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

1962 டிசம்பர் 27 இரவு ஷ்மிட் அந்த நட்சத்திரத்தின் நிறமாலையை எடுத்தார். மிக மங்கலான பொருள்களையே எடுத்துப் பழகிய கை. அந்தப் பழக்கத்தில் தகட்டில் ஒளிபட விட்ட நேரம் இந்தப் பொருளுக்கு மிக அதிகம். தகடு அளவுக்கு மீறி ஒளிபட்டுவிட்டது. 29-ஆம் தேதி எடுத்தது சரியாக வந்தது. அகலமான ஒளிர்வரிகள் (பிரகாசமான கோடுகள்) சில இருந்தன. எதன் வரிகள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5 மதியம், ஹசார்டின் கட்டுரையோடு வெளியிடுவதற்கான குறிப்பை எழுத உட்கார்ந்தபோது, வரிகளில் ஓர் ஒழுங்கு இருப்பது ஷ்மிட்டின் கண்ணில் பட்டது. நீலப் பக்கம் போகப் போக இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அந்த ஒழுங்கைச் சரிபார்க்க, ஹைட்ரஜனின் பால்மர் வரிகளோடு ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்தார்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம், கைப்பேசியில் கால்குலேட்டர் போதும். அவர் அளந்த வரிகள் 5632, 5032, 4753, 4595 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு). ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜனின் வரிகள் 4861, 4340, 4102, 3970. முதலாவதை முதலாவதால் வகுத்தால் 1.159. இரண்டாவது 1.159. மூன்றாவது 1.159. நான்காவது 1.157. ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நீண்டிருக்கிறது. புறஊதாப் பகுதியை ஒட்டி 3239-ல் இருந்த இன்னொரு வரியும் மெக்னீசியத்தின் 2798 வரியாக அதே விகிதத்தில் பொருந்தியது. ஹைட்ரஜன் பிரபஞ்சத்திலேயே மிகச் சாதாரணமான தனிமம்தான். அதன் வரிகள் மொத்தமாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்ததால் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அந்த நகர்வின் பெயர் செம்பெயர்ச்சி; விகிதம் சராசரியாக 1.158, அதில் ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி 0.158. அதாவது நொடிக்கு 47,400 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப்போகிறது என்று கணக்காகியது. ஒரு ‘நட்சத்திரத்துக்கு’ இந்த எண் நினைத்தே பார்க்க முடியாதது.

சக வானியலாளரான ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைனிடம் விஷயத்தைச் சொன்னார். இருவரும் 3சி 48-இன் பழைய வரிப்பட்டியலை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே அதற்கும் விடை கிடைத்தது: 0.367. இரண்டு வருடப் பூட்டு அதே சாவிக்குத் திறந்தது.

அகச்சிவப்பு சொன்ன சாட்சி

இந்த வழக்கில் நான் மிகவும் மதிக்கும் இடம் அடுத்து வருகிறது. 1.158 சரி என்றால், ஹைட்ரஜனின் மிக வலுவான 6563 வரி எங்கே இருக்க வேண்டும்? பெருக்கினால் 7600. அது கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் விளிம்பைத் தாண்டி அகச்சிவப்பை ஒட்டிய பகுதி. ஷ்மிட்டின் தகட்டில் விழாது. இன்னொரு வானியலாளர் பெவர்லி ஓக், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில் வேறொரு கருவியால் அந்தப் பகுதியை அளந்திருந்தார். 7600-ல் ஒரு வலுவான வரி இருந்தது. வேறு கருவி, வேறு அலைநீளம், அதே விடை.

சரி, செம்பெயர்ச்சி உண்மைதான், ஆனால் அது தொலைவால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? மிக அடர்த்தியான ஒரு நட்சத்திரத்தின் ஈர்ப்பிலிருந்து தப்பி வரும் ஒளியும் சிவப்பாகும். ஷ்மிட் அந்த வாய்ப்பையும் எடைபோட்டார். ஆனால் நிறமாலையில் ஆக்சிஜனின் ஒரு வரி இருந்தது. மிக மெல்லிய வாயுவில் மட்டுமே உண்டாகும் வகை அது. அடர்த்தியான இடத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதியே அந்த ஒளியைக் கொன்றுவிடும். அவ்வளவு மெல்லிய வாயு, அவ்வளவு அடர்த்தியான நட்சத்திரத்தின் மேற்பரப்பில் இருக்க வழியில்லை. ஒரே ஒரு மங்கலான வரி ஒரு முழுக் கோட்பாட்டையே விலக்கிவிட்டது.

1963 மார்ச் 16-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் நான்கு குறிப்புகள் அடுத்தடுத்து வந்தன: ஹசார்ட் குழுவின் ரேடியோ நிலை, ஷ்மிட்டின் நிறமாலை, ஓக்கின் அகச்சிவப்பு, 3சி 48 பற்றி கிரீன்ஸ்டைனும் மேத்யூஸும் எழுதியது. நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் வழக்கு முடியும். அடுத்த வருடம் ஹோங்-யீ சியூ இந்த வகைப் பொருளுக்கு ‘குவாசார்’ என்று பெயர் வைத்தார்.

ஹார்வர்டின் பழைய தகடுகளுக்கு அப்போதுதான் வேலை வந்தது. ஹார்லன் ஸ்மித்தும் டோரிட் ஹாஃப்லைட்டும் அவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, அந்தப் புள்ளி வருடங்களிலும், சில சமயம் மாதங்களுக்குள்ளும் பிரகாசம் மாறியிருந்தது. ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து ஒரு மாதத்தில் பிரகாசம் மாற வேண்டுமென்றால், அதன் அளவு ஒளி ஒரு மாதத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஆக, சாதாரணப் பெரிய விண்மீன் மண்டலங்களைவிட நூறு மடங்கு பிரகாசம், நட்சத்திரங்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தைவிடச் சின்ன ஓர் இடத்திலிருந்து வருகிறது. நட்சத்திரங்களைக் கூட்டி இதை விளக்க முடியாது. மையத்தில் ஒரு பெரும் கருந்துளை, அதில் விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது என்ற விளக்கத்தை டொனால்ட் லிண்டன்-பெல் 1969-ல் விரிவாக எழுதினார். இன்று நாம் ஏற்பது அதைத்தான்.

மற்ற ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1967-ல் ராக்கெட்டில் ஏற்றிய கருவி 3சி 273-இலிருந்து எக்ஸ் கதிரைப் பிடித்தது. 1970-களில் காஸ்-பி செயற்கைக்கோள் காமா கதிரைப் பிடித்தது. புறஊதாவில் ஒரு பெரிய மேடு தெரிந்தது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் சூடான தட்டின் ஒளி அது. ரேடியோவிலும் காமாவிலும் பேசுவது பெரும்பாலும் பீய்ச்சல், புறஊதாவில் பேசுவது தட்டு. ஒரே ஆள்தான், ஆனால் ஒவ்வொரு அலைநீளத்திலும் வேறு உறுப்பு தெரிகிறது.

ரேடியோவை மட்டும் நம்பியிருந்தால்

3சி 273 ரேடியோவில் உரக்கப் பேசியதால் மாட்டியது. எல்லாக் குவாசார்களும் அப்படி இல்லை. 1965-ல் சாண்டேஜ், ரேடியோவில் சத்தமே இல்லாமல், நீல நிறமும் புறஊதா மிகுதியும் மட்டும் காட்டிய புள்ளிகளைப் பிடித்தார். பிறகு பார்த்தால் ரேடியோவில் உரக்கப் பேசுபவை பத்தில் ஒன்றுதான். இன்னும் சில, தூசிக்குள் புதைந்து கிடப்பதால் நீலமாகவும் தெரியாது. தூசியைத் துளைத்து வரும் கடினமான எக்ஸ் கதிரிலும், சூடான தூசி வீசும் அகச்சிவப்பிலும்தான் அகப்படும். எந்த ஒரு ஜன்னலும் தனியாகப் போதாது என்பது இப்படி எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

இன்னும் தொலைவில் தேடும்போது ரேடியோவின் சரிவே ஒரு துப்பாகிறது. குறைந்த அதிர்வெண்ணில் உரக்கவும், அதிர்வெண் ஏறும்போது சட்டென்று அடங்கியும் போகும் மூலங்கள் மிகத் தொலைவில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். டிஎன் ஜே0924-2201 அப்படித்தான் கிடைத்தது. 365 மெகாஹெர்ட்ஸ் பட்டியலையும் 1.4 கிகாஹெர்ட்ஸ் பட்டியலையும் ஒப்பிட்டு, செங்குத்தாகச் சரியும் மூலமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஹவாயின் கெக் தொலைநோக்கியில், அகச்சிவப்பில், அந்த இடத்தில் மிக மங்கலான ஒரு மண்டலம் தெரிந்தது. நிறமாலையில் செம்பெயர்ச்சி 5.19, அறிவிப்பு 1999-ல் வந்தது. முறை அதேதான்: ரேடியோவில் சந்தேகம், துல்லியமான முகவரி, அகச்சிவப்பில் முகம், நிறமாலையில் தீர்ப்பு.

முகவரி என்றதும் ஊட்டியைச் சொல்லாமல் விட முடியாது. 1963-ல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கோவிந்த் ஸ்வரூப், ஹசார்டின் அந்த நிலா மறைப்புக் கட்டுரையைப் படித்தார். இதையே நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களுக்குச் செய்தால் என்ன என்று யோசித்தார். அதற்கு நிலாவை மணிக்கணக்கில் விடாமல் துரத்தும் பெரிய தொலைநோக்கி வேண்டும். முத்தோரைக்குப் பக்கத்தில் தெற்கு வடக்காகச் சரியும் ஒரு மலை கிடைத்தது. அதன் சரிவு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம், சுமார் 11 பாகை. அதன் மேல் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்குத் தொலைநோக்கியைக் கட்டினால் அதன் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானம் கூடவே வரும். மலையையே கருவியின் ஒரு பாகமாக்கிய யோசனை அது! 1970-லிருந்து அது வேலை செய்கிறது. அங்கே பதிவான மறைப்புகளிலிருந்து, மங்கலான மூலங்கள் கோண அளவிலும் சிறியவை என்று தெரிந்தது. பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு வலுவான ஆதாரமாக நின்றது.

3சி 273-க்குத் திரும்புவோம். 2018-ல் சிலியில் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைக்கும் ‘கிராவிட்டி’ கருவி, அகச்சிவப்பில், மறுபடியும் ஹைட்ரஜனின் ஒரு வரியைப் பிடித்து, அந்த வாயு கருந்துளையைச் சுற்றுவதைப் பிரித்துப் பார்த்தது. சுற்றும் மேகங்களின் ஆரம் சுமார் 150 ஒளிநாள். கோணத்தில் 46 மைக்ரோ விகலை. கருந்துளையின் எடை சுமார் 26 கோடி சூரியன். வாயுவின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் போகிறது; அப்படிச் சுழலும் அச்சு, மையத்திலிருந்து ஒரு பீய்ச்சல் கிளம்பும் திசையோடு ஒத்துப்போகிறது. அந்தப் பீய்ச்சலின் நுனியில் இருப்பதுதான் 1962-ல் பார்க்ஸின் பதிவுத் தாளில் தனிப் படியாக விழுந்த ‘ஏ’.